வாழைத்தோட்டத்துப் பிரைமரி

நீர்வேலியில் நான் குடியிருந்த வீட்டுக்கும் அடுத்த வளவுக்கும் இடையில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி இருந்தது. எழுபத்தாறாம் ஆண்டு தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை பள்ளிக்கூடம் போகச் சேலை உடுத்திக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வேலிக்கு மேலே அடுத்த வீட்டு அக்காவின் முகம் எழும்பியது. வேலி என்னைவிட உயரம், அக்கா என்னைவிடக் கட்டை. அந்தப் பக்கம் உரலில் ஏறி நின்றிருக்க வேண்டும். கீழுதட்டில் ஊதா நிறம் ஒட்டியிருந்தது. கையில் ஒரு சின்ன றேடியோ.

“ரீச்சர், நீங்கள் பிரைமரியிலைதானே படிப்பிக்கிறியள்?”

“ஓம் அக்கா.”

“அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும். அமெரிக்காவிலை பிரைமரியிலை ஆர் வெண்டது?”

நான் விளையாட்டுப் போட்டி என்று நினைத்தேன். அப்படியே கேட்டும் விட்டேன்.

“விளையாட்டுப் போட்டியோ? இது பிரசிடென்றைத் தெரிவு செய்யிற விசயம். பெரியாக்கள் வோட்டுப் போட முந்தி அங்கை பிரைமரிப் பிள்ளையளைக் கேக்கினமாம். கள்ளமில்லாத வயசுதானே, ஆளைச் சரியாப் பிடிச்சிடுங்கள். நல்ல ஏற்பாடு. ஆனா இவன் றேடியோக்காரன் அவசரத்திலை கதைக்கிறான். எந்தப் பள்ளிக்கூடம் எண்டு பிடிபடேல்லை.”

எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நான் காங்கேசன்துறைக்காரி. கடற்காற்றின் திசை தெரியும், அமெரிக்கத் தேர்தலின் திசை தெரியாது. ஆனால் அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். என் ஆங்கிலம் அதைவிடக் கொஞ்சம் நீளம். அடுத்த நாள் விடிய வேலியோரம் நின்று இரண்டு பேரும் ஆங்கிலச் செய்தியைக் கேட்டோம். பிரைமரி என்பது முதற்சுற்று, ஒவ்வொரு கட்சியும் தன் ஆளைத் தெரிவுசெய்ய முன்கூட்டியே ஊர் ஊராக நடத்தும் வாக்கெடுப்பு, வாக்களிப்பது வளர்ந்தவர்கள்தான் என்று விளங்கப்படுத்தினேன். அக்கா றேடியோவை நிறுத்தினார்.

“பிள்ளையளே செய்திருந்தால் இன்னும் நல்லாயிருந்திருக்கும்” என்றார். பிறகு உடனே முகம் மலர்ந்துவிட்டது. “ஆனா ஒரே கட்சிக்குள்ளையே அடிபடுகினம் எண்டுறியள். அப்ப ஒரு தேர்தலுக்கு ரெண்டு தேர்தல்.”

ஒரு பானையில் இரண்டு தரம் பொங்கலாம் என்று யாரோ சொன்னதுபோல அவருக்குச் சந்தோசம்.

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பெயர் எதிர்த்து நிற்க ஆளில்லாமல் தனியே நிற்கும். அது அவருக்கு அறவே பிடிக்காது. எந்தக் காரியத்திலும் ஒரேயொரு பெயர் மட்டும் இருப்பதை அக்காவால் பொறுக்க முடியாது. மாடு கன்று போட்டபோது அவருடைய கணவர் லட்சுமி என்று பெயர் சொன்னார். நல்ல பெயர்தான். ஆனால் அக்கா இன்னொரு பெயர் கேட்டார், தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் கூப்பிட்டு வாக்கெடுத்தார், மூன்றுக்கு இரண்டு என்று நந்தினி வென்றது. அவர் வீட்டில் சாப்பிடப் போனால் இரண்டு சம்பல் இருக்கும். எது நல்லது என்று கட்டாயம் சொல்ல வேண்டும். ஒரு தரம் இரண்டும் நல்லாயிருக்கு என்று சொல்லிப் பேச்சு வாங்கினேன்.

“ரெண்டும் நல்லம் எண்டு சொல்லத் திருநீறோ தாறன்? ஒண்டைச் சொல்லுங்கோ.”

எனக்கு வீட்டில் ஒரு கலியாணம் பேசி, மாப்பிள்ளையின் படம் தபாலில் வந்தது. அக்காவிடம் காட்டினேன். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, “மற்றவர் எங்கை?” என்றார். மற்றவர் என்று ஒருவரும் இல்லை என்றேன். “ஒரு பேர்தான் எண்டால் அது தெரிவு இல்லை ரீச்சர், அறிவித்தல்” என்றார். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் நின்றுபோனது. ஆனால் அக்கா சொன்னதை வீட்டில் சொல்லி நான் சிரித்த சிரிப்பில்தான் நின்றது என்று என் அம்மா கடைசிவரை நம்பினார்.

எங்கள் நாட்டில் அப்போது தேர்தல் காலம் பின்னுக்குப் போயிருந்தது. வந்திருக்க வேண்டியதைத் தள்ளி வைத்திருந்தார்கள். நாட்டிலுள்ள மற்றவர்கள் அதைப் பற்றி அரசியலாகக் கதைத்தார்கள். அக்கா தனக்கென்று செய்த தனி அநியாயமாக அதை எடுத்துக்கொண்டார். இடியப்பத்துக்கு மாவைக் குழைக்கச் சொல்லிவிட்டுப் பிழியிற உரலை ஒளித்து வைத்ததுபோல என்று திட்டுவார். குழைத்த மா கையோடு இருந்தவர், அமெரிக்காக்காரர் உரலை நீட்டினதும் பிழிந்துவிட்டார்.

“அக்கா, உங்களுக்கு அங்கை வோட்டில்லையே” என்று ஒரு நாள் கேட்டேன்.

“இஞ்சையும்தான் இப்ப இல்லை. இல்லாத வோட்டை எந்த ஊரிலை போட்டால் என்ன?”

வேட்பாளர்களின் பெயர்கள் அவர் வாயில் நிற்கவில்லை. அதனால் எல்லோருக்கும் தன் தோட்டத்து வாழை இனங்களின் பெயரையே வைத்தார். ஒரு கட்சியில் கதலி, இதரை, கப்பல். மற்றக் கட்சியில் மொந்தனும் ஆனைவாழையும். விடியக் காலை தண்ணீர் இறைக்கும்போது றேடியோ ஒரு வாழைக்கு முட்டுக்கொடுத்த கம்பில் தொங்கும். பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாறிவிட்டுக்கொண்டே அக்கா கேட்பார். கதலி ஒரு பெரிய ஊரை வென்ற காலை தண்ணீரை மாறிவிட மறந்துபோனார். கதலி வென்றது, இதரைப் பாத்தி வெள்ளத்தில் மிதந்தது.

வாழைக்குலைகளைச் சந்தைக்கு அனுப்பும்போது தண்டில் அடையாளம் போட அவரிடம் ஒரு ஊதாப் பென்சில் இருந்தது. நாக்கில் தொட்டு எழுதினால்தான் அது பிடிக்கும். அதனால்தான் அந்த உதடு. அந்தப் பென்சில் எப்போதும் கொண்டையில் செருகியிருக்கும். கலண்டரின் பின்பக்கத்தில் ஊர், கதலி, இதரை, கப்பல் என்று கோடு கிழித்து, வென்ற ஆளுக்கு நேரே அந்தப் பென்சிலால்தான் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போடுவார். சந்தைக்குப் போன குலை ஒன்றில் தவறுதலாக ‘ஐயோவா’ என்று எழுதி அனுப்பியதும் உண்டு. அந்த ஊரின் பெயரைக் கேட்டு அவருடைய கணவர் ஒரு கிழமை சிரித்தார். “ஐயோ, வா எண்டு கூப்பிட்டால் ஆர் வோட்டுப் போட வருவினம்?” என்பார்.

அக்கா ஒரே ஆளின் பின்னால் நின்றவர் என்று நினைக்கக் கூடாது. நேற்றுக் கதலி, இன்று இதரை, நாளைக்குப் பார்க்கலாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. காங்கேசன்துறையில் எங்கள் ஆட்கள் ஒரு வள்ளத்தில் ஏறினால் மூழ்கினாலும் இறங்க மாட்டார்கள்.

“என்ன அக்கா, நேத்துத்தானே கதலியைத் தூக்கி வைச்சு ஆடினியள்?”

“நேத்து ஆடினன். இண்டைக்கு விடிய இதரை கதைச்சதைக் கேட்டன். தாறன் எண்டு சொன்னது கதலியைவிடக் கூட. கேட்டுப்போட்டும் மாறாமல் நிக்கிறதெண்டால் காது என்னத்துக்கு, தோடு போடவோ?”

கப்பல் போட்டியிலிருந்து விலகிக்கொண்ட நாளில் அக்கா உண்மையாகவே கண்கலங்கினார். அது ஒரு நாளும் அவருடைய ஆளாக இருந்ததில்லை. ஆனாலும் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்புக் கப்பல் பழம் வந்தது. செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்போல வேலியடியில் நின்று, “நல்ல மனிசன். கை ஓய்ஞ்சு போச்சு” என்றார். நானும் அதே முகத்தோடு பழத்தை வாங்கிக்கொண்டேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன்.

இனி அவருடைய கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் அவரைப் பிரசிடென்ற் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் வாசிகசாலையின் தலைவர். பதினொரு வருடங்களாக அவர்தான். ஒவ்வொரு வருடமும் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழும்பி அவர் பெயரைச் சொல்வார், இன்னொருவர் வழிமொழிவார், எல்லோரும் கைதட்டுவார்கள், காரியதரிசி அறிக்கைப் புத்தகத்தில் ‘ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்’ என்று எழுதுவார். பிறகு தேத்தண்ணீரும் வடையும். நல்ல மனிதர், சாதுவானவர், செந்தமிழில் ஆசையுள்ளவர். ஒருவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. ஒன்றும் செய்ததில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏகமனதாக என்ற சொல்லைக் கேட்டாலே அக்காவுக்கு உடம்பு கூசும். “பதினொரு வருசம் ஒரே குலை, ஒரே வாழையிலை. எங்கையாவது கண்டியளோ?”

ஆனால் அவர் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது, அது பகிடியில்லை. அந்த வாசிகசாலைக்கு நாளும் பத்திரிகைகள் வரும். ஆண்கள் வாங்குப் பலகையில் குந்தியிருந்து வாசிப்பார்கள். பெண்கள் அந்தப் படியை மிதிப்பதில்லை. மிதிக்கக் கூடாது என்று ஒருவரும் சொன்னதில்லை, மிதித்தவரும் இல்லை. பெண்களுக்குப் பத்திரிகை வருவது ஒரேயொரு வழியால்தான். வாசித்து முடிந்த பழைய பத்திரிகைகளை வாசிகசாலை கடைகளுக்குக் கொடுக்கும். கடைக்காரர் அதைச் சரையாகச் சுற்றிச் சீனியும் மல்லியும் போட்டுக் கொடுப்பார். அக்கா சீனியைப் போத்தலில் கொட்டிவிட்டுச் சரையை விரித்து, உதறி, வெளிநாட்டுச் செய்தி இருக்கிறதா என்று தேடுவார். ஒரு கிழமைக்கு முந்தின செய்தி, அதிலும் பாதி. ஒரு தரம் ‘நேற்று நடந்த வாக்கெடுப்பில் எதிர்பாராத விதமாக’ என்ற வரியோடு சரை முடிந்துபோனது. மற்றத் துண்டு யார் வீட்டு மல்லியில் போனதோ தெரியாது. அக்கா நாலு வீடு ஏறி இறங்கிக் கேட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. றேடியோவில் பற்றறி இறங்கிப்போன நாட்களில் அந்தச் சரைதான் அவருக்கு உலகம்.

அவர் கேட்டது பெரிய விசயமில்லை. பகல் இரண்டு மணி தொடக்கம் நாலு மணிவரை ஆண்கள் சாப்பிட்டுப் படுக்கிற நேரம். வாசிகசாலை பூட்டியிருக்கும். அந்த இரண்டு மணித்தியாலம் அதைப் பெண்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

பிரசிடென்ற் மாட்டேன் என்று சொல்லவில்லை. “பாப்பம்” என்றார். நாலு வருடமாகப் பாப்பம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“போட்டி இல்லாதவனுக்கு எல்லாம் பாப்பம்தான்” என்று அக்கா என்னிடம் சொன்னார். “பின்னாலை ஒருத்தன் ஓடி வந்தால்தான் முன்னுக்கு ஓடுறவன் திரும்பிப் பாப்பான்.”

அந்த வருடம் பின்னால் ஓட இரண்டு பேர் அகப்பட்டார்கள். சங்கக்கடை மனேச்சர் ஒருவர், சைக்கிள் கடைக்காரர் ஒருவர். இரண்டு பேரையும் அக்காவே தனித்தனியாகப் போய்த் தலைவர் பதவிக்கு நிற்கச் சொல்லி மூட்டிவிட்டிருந்தார். அதில்தான் கரைச்சல். இரண்டு பேரும் நின்றால் வாக்குப் பிரிந்து பிரசிடென்ற் வென்றுவிடுவார். ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பேரும் மற்றவர் விடட்டும் என்றார்கள்.

வேறு யாராவது என்றால் தலையைச் சொறிந்திருப்பார்கள். அக்காவின் கண் மின்னியது.

“ரீச்சர், பிரைமரி” என்றார்.

வாசிகசாலைத் தேர்தலில் பெண்களுக்கு வாக்கில்லை என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் பிரைமரி எங்கள் வீட்டுச் சரக்கு, அதில் யார் வாக்களிப்பது என்று நாங்கள்தான் தீர்மானிக்கிறது என்று அக்கா சொல்லிவிட்டார். பெண்கள் தெரிவுசெய்யும் ஆள் பொதுக்கூட்டத்தில் நிற்கட்டும். போட்டியாளர் இரண்டு பேரும் சம்மதித்தார்கள். பெண்கள்தானே, வந்து பத்துப் பேர் வாக்கென்று புளியங்கொட்டை போடுவார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அறிவித்தலை நான்தான் மட்டையில் எழுதினேன். ‘பிரைமரித் தேர்தல். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. வாழைத்தோட்டம். அனைவரும் வருக.’ பெண்கள் என்ற சொல்லைப் போட மறந்துபோனேன். படிப்பித்து அலுத்து வந்த பின்னேரம், கை போன போக்கில் எழுதினேன், அதுதான் உண்மை.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஒழுங்கையில் ஒரு இரைச்சல் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் பள்ளிக்கூடத்துப் பிரைமரிப் பிள்ளைகள் முழுப் பேரும் வந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரின தலை, முகமெல்லாம் பவுடர். பிரைமரித் தேர்தல் என்று போட்டிருந்தால் பிரைமரிக்குத்தானே என்று தாய்மார் வெளிக்கிடுத்தி அனுப்பியிருந்தார்கள். வகுப்பு வாரியாக வரிசை வேறு. தாய்மாரும் பின்னால் வந்தார்கள். எனக்கு எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துச் சிரித்து ஒரு வாழையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் அண்டைக்கே சொன்னனான் ரீச்சர், பிள்ளையளைத்தான் முதல்லை கேக்கிறதெண்டு.”

பிள்ளைகளை அவர் திருப்பி அனுப்பவில்லை. ஒரு பக்கம் கதலிக்குலை, ஒரு பக்கம் இதரைக்குலை. இரண்டிலும் ஒவ்வொன்று சாப்பிட்டுவிட்டு எது நல்லதோ அந்தப் பக்கம் தோலைப் போட வேண்டும் என்றார். அந்தத் தேர்தலில் கள்ள வோட்டு நடந்தது. ஒருவன் ஒன்பது தோல் போட்டான். கதலி வென்றதாக அறிவித்து, தோலை மாட்டுக்கு வைத்தோம்.

பெரியவர்களின் தேர்தலுக்கு ஒரு மேசையில் இரண்டு பானைகள். ஒன்று சங்கக்கடை மனேச்சருக்கு, ஒன்று சைக்கிள் கடைக்காரருக்கு. வேட்பாளர்கள் இரண்டு பேரும் கொஞ்சத் தூரத்தில் மடிப்புக் கலையாத வேட்டியோடு நின்றார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு புளியங்கொட்டை கொடுத்தேன். முதல் ஆளாக வந்தவர் சைக்கிள் கடைக்காரரின் மனைவி. கையில் ஒரு பித்தளைச் செம்பு இருந்தது. தண்ணீர் குடிக்கக் கொண்டு வந்தார் என்று நினைத்தேன். அவர் அந்தச் செம்பைக் கொண்டுபோய் இரண்டு பானைகளுக்கும் பக்கத்தில் வைத்து, தன் கொட்டையை அதற்குள் போட்டார். டங் என்று ஒரு சத்தம்.

“உதென்ன?” என்று அக்கா கேட்டார்.

“உது உங்களுக்கு அக்கா. என்ரை மனிசன் ஊரிலை எல்லாற்றை ரயருக்கும் காத்தடிப்பார், தன்ரை சைக்கிளுக்கு அடிக்க மறந்துபோற ஆள். பேப்பர் வாசிக்க வேணுமெண்டு நாலு வருசமா நிண்டது ஆர்? நீங்கள்தானே. பிறகேன் சுத்தி வளைப்பான்.”

சைக்கிள் கடைக்காரர் தூரத்திலிருந்து ஓம் ஓம் என்று தலையாட்டினார். அவருக்கு உள்ளூர ஆறுதல்தான்.

அடுத்து வந்தவரும் செம்புக்குப் போட்டார். அதற்கடுத்தவரும். டங், டங் என்று சத்தம் கேட்கக் கேட்க அக்காவின் முகம் வெளிறிப்போனது. அவர் பயந்து நான் கண்டது அந்த ஒரு நாள்தான். “வேண்டாம், நான் வோட்டர், நான் நிக்கிற ஆளில்லை” என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை. செம்பு நிரம்பி, கொட்டை மேசையில் சிந்தியது. கடைசியில் சங்கக்கடை மனேச்சர் வந்து தன் பானைக்குள் எட்டிப் பார்த்தார். ஐந்து கொட்டை இருந்தது. கணக்குத் தெரிந்த மனிதர். அந்த ஐந்தையும் எடுத்து அவரே செம்பில் போட்டார்.

ஆனால் உறுப்பினர் அல்லாதவர் தலைவராக நிற்க முடியாதே என்று வாசிகசாலை முற்றத்தில் கேள்வி எழும்பியது. காரியதரிசி அமைப்பு விதிகளைத் தேடி எடுத்து, எல்லோர் முன்னிலும் வாசித்தார். ‘பதினெட்டு வயது நிறைந்த ஊரவர் யாவரும் அங்கத்தவராகலாம்.’ ஆண்கள் என்று ஓரிடத்திலும் இல்லை. ஊரவர். பதினொரு வருடத்துக்கு முன் செந்தமிழ் ஆசையில் அந்த விதிகளை எழுதியவர் பிரசிடென்றேதான். அவர் புத்தகத்தை வாங்கித் தன் கையெழுத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதையாப் போச்சு” என்றார்.

“அரசனும் புருசனும் ஒராளாயிருந்தால் நான் என்ன செய்ய?” என்றார் அக்கா.

பெண்கள் கூட்டமாகப் போய் அங்கத்தவரானார்கள். ஆனாலும் ஆண்கள் இருக்கும் வாங்கில் போய் இருக்க ஒருவரும் துணியவில்லை. இரண்டு மணி தொடக்கம் நாலு மணி என்பது தலைவர் சொன்னால்தான் நடக்கும். ஆகவே எல்லாம் பொதுக்கூட்டத்தில் வந்து நின்றது.

அதற்கு முந்தின இரண்டு கிழமையும் அந்த வீட்டில் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும், வேலி கிடுகுதானே. ஒரே அடுப்பு, ஒரே கிணறு, இரண்டு வேட்பாளர்கள். அக்கா சோறு போடுவார். அவர் சாப்பிட்டுவிட்டு, “சாப்பாட்டுக்கும் வோட்டுக்கும் சம்பந்தமில்லை” என்பார். “அதுதான் நல்லாச் சமைச்சனான்” என்பார் அக்கா. இரவில் பிரசிடென்ற் முற்றத்தில் நடந்து நடந்து பேச்சுப் பழகினார். பதினொரு வருடத்தில் அவருக்குத் தேர்தல் பேச்சு என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை.

பொதுக்கூட்டத்துக்கு ஊர் திரண்டு வந்தது. நான் காங்கேசன்துறைக்காரி, ஊரவர் இல்லை. அதனால் வாக்கெண்ணும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

முதலில் அக்கா பேசினார். றேடியோவில் எத்தனையோ பேச்சைக் கேட்டு, அது சரியில்லை, இது காணாது என்று புள்ளடி போட்ட மனுசிக்கு எழும்பி நின்றதும் வாய் வறண்டுவிட்டது. “பகல் ரெண்டு மணி தொடக்கம் நாலு மணி. பொம்பிளையளுக்கு. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டார்.

பிறகு பிரசிடென்ற் எழும்பினார். கையில் எழுதின தாள் இருந்தது. தொடக்கத்தில் வழமையான செந்தமிழ்தான். நடுவில் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

“நாலு வருசமா என்னட்டை ஒரு விசயம் கேட்டவ. நான் பாப்பம், பாப்பம் எண்டு காலத்தைக் கடத்தினன். பிழை என்னிலைதான். ரெண்டு மணி தொடக்கம் நாலு மணி, நானும் தாறன். அதோடை இன்னொண்டு. இனிமேல் பழைய பேப்பரைக் கடைக்குக் குடுக்கிறேல்லை. அடுக்கி வைப்பம். பொம்பிளையள் வாசிச்சு முடிச்ச பிறகுதான் சரை சுத்திறதெண்டாலும் சுத்திறது.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். இதரை நன்றாகப் பேசின விடியலில் றேடியோவைப் பார்த்த அதே பார்வை.

வாக்குப் போட ஒரு மூலையில் சேலை கட்டி மறைத்து, உள்ளே ஒரு கரிப் பென்சிலை நூலில் கட்டி விட்டிருந்தோம். ஒவ்வொருவராகப் போய் வந்தார்கள். நான் துண்டுகளை விரித்து எண்ணினேன். முப்பதுக்கு முப்பது என்று வந்து நின்றது. கடைசித் துண்டை விரித்தேன். பிரசிடென்றின் பெயருக்கு எதிரே ஒரு புள்ளடி, ஊதா நிறத்தில்.

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா எதிரே பெண்களோடு இருந்தார். கொண்டையில் பென்சில், கீழுதட்டில் புதிதாக ஊதா. என்னைப் பார்க்காமல் முகட்டைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்தத் துண்டை மற்றத் துண்டுகளுக்கு நடுவில் செருகிவிட்டு, முப்பத்தொன்றுக்கு முப்பது, பிரசிடென்ற் வென்றார் என்று அறிவித்தேன்.

காரியதரிசி குனிந்து, பதினொரு வருடப் பழக்கத்தில், ‘ஏகமனதாகத் தெரிவு’ என்று எழுதத் தொடங்கிவிட்டார். அக்கா எழும்பிப் போய்க் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, நாக்கில் தொட்டு, அந்தச் சொல்லின் மேல் ஒரு கோடு கிழித்தார். மேலே ‘ஒரு வாக்கால்’ என்று எழுதினார். அவ்வளவு சந்தோசத்தோடு தோற்றுப்போன ஒருவரை நான் அதன் பிறகு காணவில்லை.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு வாசிகசாலை திறந்தது. பெண்கள் தயங்கித் தயங்கி ஏறி, வாங்கில் நெருக்கியடித்து இருந்தார்கள். அக்கா அன்றையப் பத்திரிகையை விரித்து வெளிநாட்டுப் பக்கத்தைத் தேடினார். சீனி ஒட்டாத பத்திரிகை, முழுத் தாள். நான் பக்கத்தில் போயிருந்து காதுக்குள் கேட்டேன்.

“அக்கா, அந்த ஊதாப் புள்ளடி?”

அவர் தாளை எடுத்து எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மறைத்துப் பிடித்தார்.

“நான் ரெண்டு மணித்தியாலம்தான் கேட்டனான் ரீச்சர். அந்த மனிசன் பழைய பேப்பரையும் சேத்துத் தாறன் எண்டார். கேட்டுப்போட்டும் மாறாட்டில் நான் என்ன வோட்டர்?”

“அத்தானுக்குத் தெரியுமோ?”

“சொல்லிப் போடாதேங்கோ” என்றார். “ஒரு வோட்டிலை தப்பினன் எண்டு பயந்துபோய் இருக்கிறார். அடுத்த வருசம் இன்னும் கூடத் தருவார்.”